தாமிரபரணியை மேற்கே ஓடவிட்ட பத்திரம்

ஸ்ரீவைகுண்டம்
17.1.1999

அமெரிக்கா தேசம் நியூஜெர்சியில் கம்ப்யூட்டர்களுக்கு நாடி பிடித்துப் பார்க்கும் உத்தியோகம் வகிக்கும் மருமகள் அனுராதாவுக்கு, அவளுடைய ஒரே தாய்மாமனும் பொருநைக் கரையின் ஒப்பற்ற பத்திர எழுத்தனுமாகிய திருஞானசம்பந்தம் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை பிரம்மநாயகியும் சுகம். என் மூட்டுவலியும் சுகமாகத்தான் இருக்கிறது, அது என்னைவிட ஆரோக்கியமாக வளர்கிறது. உனக்குச் சளி விட்டதா? அங்கே பனி பெய்கிறது என்று டவுனிலிருந்து உன் அம்மை போனில் அழுதாள். பனி என்ன, புலியா என்று சொல்லி வைத்தேன்.

இனி விஷயம். சென்னையில் ஒரு புகைப்படச் சங்கம் இந்தியா முழுவதிலுமிருந்து வந்த தொண்ணூறு லட்சம் படங்களைப் பரிசீலித்து (பின்னால் நின்று வாசிக்கும் உன் அத்தை 'தொண்ணூறு' என்று திருத்துகிறாள்) அதில் என் படத்தைக் கண்காட்சிக்கு எடுத்திருக்கிறது. எந்தப் படம் தெரியுமா? தார் சுமக்கிற நம் ஊர்க் கொம்பையா நெஞ்சளவு தண்ணீரில், தலையில் வாழைத்தாரோடு அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றைக் கடக்கிறானே, அது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகையில் பழைய யாஷிகா கேமராவை ஒரு கையிலும் உயிரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு எடுத்தேன். உன் அத்தை கணக்கில் தண்ணீர் எனக்கு முழங்கால் அளவுதான். அவளுக்குப் படக்கலை தெரியாது.

ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஓர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்: 'இப்படத்தின் மீது வேறு எவருக்கும் எவ்வித உரிமையும் வில்லங்கமும் இல்லை.' அனுராதா, முப்பத்தொரு வருஷமாக ஊரார் வயலுக்கும் வீட்டுக்கும் இந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான். என் பெயரில் ஒரு சொத்து இருந்து, அதற்கு நானே இதை எழுதுவது இதுதான் முதல் தடவை. பேனாவுக்குப் புது நிப் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒரு சின்னச் சந்தேகம். நேற்று ஏரலுக்குப் போயிருந்தேன். ஜவுளிக்கடை பாவா என்னைக் கண்டதும், "என்ன அண்ணாச்சி, கொம்பையாவை எப்ப துபாய்க்கு அனுப்பினீய?" என்றார்.

"அவன் திருச்செந்தூரைத் தாண்டினது இல்லையேவே."

"எம் மவன் இர்ஷாத் அங்கன கம்ப்யூட்டர்ல பாத்திருக்கான். ஆளும் தாரும் அப்படியே நிக்கிதாம். நம்ம ஆறுன்னு ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கான்."

நீ அமெரிக்கா போகும்போது பன்னிரண்டு படங்கள் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தேன். அவை துபாய்க்கு நடந்து போயினவா? விசாரித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்குத் தொப்பி போடு.

இப்படிக்கு,
கீர்த்தியின் வாசற்படியில் நிற்கும்
மாமா

*

நியூஜெர்சி
6.2.1999

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும், அனுராதா வணக்கத்துடன் எழுதுகிறேன். சளி போய்விட்டது. மூட்டுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, அல்லது தைலத்தைப் பற்றிப் பேசுவதோடு சரியா? அத்தைதான் உண்மையைச் சொல்ல வேண்டும்.

சங்கதியைக் கேட்டு நான் அறையில் தனியாகக் கை தட்டினேன். பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

படம் துபாய்க்கு நடந்து போகவில்லை மாமா, நான்தான் அனுப்பினேன். இன்டர்நெட்டில் சில கம்பெனிகள் எல்லோருக்கும் இலவசமாக இடம் கொடுக்கின்றன. அதில் நமக்கென்று ஒரு பக்கம் அமைத்துக்கொள்ளலாம். 'ஆற்றங்கரை' என்று பெயர் வைத்து உங்கள் பன்னிரண்டு படங்களையும் ஸ்கேன் செய்து போட்டேன். இதுவரை ஒன்பதாயிரம் பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். ஃபின்லாந்திலிருந்து ஒருவர், 'இந்த மனிதர் கரை சேர்ந்தாரா?' என்று கேட்டு எழுதியிருக்கிறார். போன மாதம் அந்தக் கம்பெனி என் பக்கத்தைச் சிறந்த பக்கம் என்று அறிவித்தது.

இரண்டாயிரமாம் வருஷம் பிறப்பதற்குள் இந்தப் பழைய புரோகிராம்களில் தேதி திருத்தும் வேலை எனக்கு அலுத்துவிட்டது. இதுபோல் பக்கங்கள் வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். 'ஆற்றங்கரை'யைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள்.

அத்தையிடம் சொல்லுங்கள், தொப்பி போடுகிறேன்.

அன்புடன்,
அனு

*

ஸ்ரீவைகுண்டம்
24.2.1999

ஒன்பதாயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் தாமிரபரணியைக் காட்டிய மருமகளுக்கு, நாற்பது தேசங்களில் பிரசித்தி பெற்ற மாமன் எழுதுவது. எல்லோரும் நலம். உன் அத்தை தைலம் பற்றிச் சாட்சி சொல்ல மறுக்கிறாள்.

உன் கடிதத்தை சார்பதிவாளர் ஆபீஸ் மரத்தடியில் பதினேழு பேருக்கு வாசித்துக் காட்டினேன். ஃபின்லாந்துக்காரருக்கு எழுதிவிடு: கொம்பையா கரை சேர்ந்தான், தாரை இறக்கினான், 'இந்தக் குளிரில நிக்க வச்சுப் படம் எடுக்கீயளே, ஒரு டீ கிடையாதா' என்று கேட்டான், கிடைத்தது.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. இலவசமாக இடம் கொடுக்கிறார்கள் என்கிறாயே, யார் வீட்டு இடத்தை, யாருக்கு, எதற்காகக் கொடுக்கிறார்கள்? நான் அறிந்தவரை புறம்போக்கில் குடிசை போட்டவனுக்குக்கூடப் பட்டா வாங்க ஒரு தாளில் கையெழுத்து உண்டு. நீ இடம் வாங்கும்போது எதிலாவது ஒப்புக்கொண்டாயா? அந்தத் தாளை எனக்கு அனுப்பு. உறுதிமொழி எழுதுவதற்கு முன் வில்லங்கம் பார்ப்பது என் தொழில். என் சொத்துக்கு மட்டும் பார்க்காமல் விட்டால் மரத்தடி சிரிக்கும்.

புது வேலை உனக்குத்தான். நேரம் தவறாமல் சாப்பிடு.

இப்படிக்கு,
சர்வதேச மாமா

*

நியூஜெர்சி
20.3.1999

அன்புள்ள மாமா, இங்கே நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட விதிமுறைகளை அச்செடுத்து அனுப்பியிருக்கிறேன். பதினான்கு பக்கம். கம்ப்யூட்டரில் இதற்குக் கீழே 'சம்மதம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால்தான் உள்ளே போக முடியும். யாரும் வாசிப்பதில்லை மாமா, நானும் வாசிக்கவில்லை. இப்போதுதான் வாசித்தேன். எட்டாவது ஷரத்தைத் தமிழில் எழுதுகிறேன்: 'இங்கே நீங்கள் வைக்கும் எதையும் உலகம் முழுவதிலும், என்றென்றைக்கும், திரும்பப் பெற முடியாதபடி, பிரதிபலன் எதுவும் தராமல் நாங்கள் பயன்படுத்தவும், நகலெடுக்கவும், மாற்றி அமைக்கவும், பிறருக்கு அளிக்கவும் நீங்கள் அனுமதி தருகிறீர்கள்.' காப்புரிமை நம்முடையதாகவே இருக்குமாம். ஆனால் அவர்கள் இவ்வளவும் செய்வார்களாம்.

செய்தும்விட்டார்கள். அவர்களுடைய விளம்பரத்தில் கொம்பையா வந்துவிட்டார். 'உங்கள் சுமையை எங்களிடம் இறக்கி வையுங்கள்' என்று மேலே எழுதியிருக்கிறது. அதன் அச்சுப் பிரதியும் உள்ளே இருக்கிறது.

இங்கே தெரிந்தவர்களிடம் கேட்டேன். ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். அத்தைக்கு என் அன்பு.

அனு

*

ஸ்ரீவைகுண்டம்
8.4.1999

வாசிக்காமல் அழுத்தும் விரல்களைக் கொண்ட மருமகளுக்கு, எரிமலையாக மாறி ஏழு நாள் ஆன மாமன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர மற்றவர்கள் நலம். உன் நலத்துக்கு எழுது.

முதலில் அந்த விளம்பரம். அனுராதா, படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறான், கவனித்தாயா? கொம்பையா இடது கையால் தாரைப் பிடித்திருக்கிறான், போகட்டும். கிழக்கே கடலுக்குப் போகிற ஆறு மேற்கே ஓடுகிறது. தாமிரபரணி ஏரலில் கிளம்பி, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஏறி, வழியில் வந்து சேரும் மணிமுத்தாற்றுக்காரனைத் தள்ளிவிட்டுவிட்டு மலைமேல் போகிறது. உலகம் தோன்றிய நாளிலிருந்து எந்த ராஜாவும் செய்யத் துணியாததை ஒரு பொத்தானில் செய்துவிட்டான். மாற்றி அமைக்கவும் என்பதன் அர்த்தம் இதுதான் போலிருக்கிறது.

அடுத்து அந்தப் பத்திரம். டவுனில் வக்கீல் குமரவேலோடு உட்கார்ந்து பதினான்கு பக்கத்தையும் வாசித்தேன். எட்டாம் ஷரத்தின் சாரம் என்ன? வீடு உன்னுடையது, சாவி என்னிடம், நீ வாசலில் படுத்துக்கொள். முப்பத்தொரு வருஷத்தில் நான் எழுதிய எந்தக் கந்துவட்டிக்காரன் பத்திரத்திலும் இவ்வளவு தைரியம் கிடையாது. நான்கெல்லை இல்லை, கெடு இல்லை, சாட்சி இல்லை.

நம் 1957ஆம் வருஷத்துச் சட்டப்படி காப்புரிமையில் எதையும் விட்டுக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்கிறார் குமரவேல். "பொத்தான் கையெழுத்தாவே?" என்றேன். "அங்கன ஆமாங்கான், இங்கன இல்லைங்கோம். எந்தக் கோர்ட்டு முடிவு சொல்லுதுன்னு பாப்போம், நமக்கு அதுக்கு ஆயுசு வேணும்" என்றார். ஆக அந்த வழி நீளம்.

ஆனால் பத்திரம் வாசிக்கிறவன் முதலில் எதைப் பார்ப்பான்? எழுதிக் கொடுக்கிறவனுக்கு எழுதிக் கொடுக்கப் பாத்தியம் உண்டா என்று பார்ப்பான். பக்கத்து வீட்டுத் தோட்டத்தை நான் உனக்கு எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளில் பொட்டலம் கட்டலாம். படத்துக்கு மூலப்பத்திரம் நெகட்டிவ். அது என் பீரோவில், உன் அத்தையின் கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கிறது. நீ எவ்வளவு அழுத்தினாலும் என் படம் எப்படி அவனுக்குப் போகும்?

இங்கே ஒரு இடறல். மூன்றாம் ஷரத்தில், 'நான் வைப்பதெல்லாம் என் சொந்தப் படைப்பே என்று உறுதி கூறுகிறேன்' என்று இருக்கிறது. இந்த இடத்தில் நீ என்ன செய்தாய் என்று மட்டும் எழுது. ஜூலை முப்பத்தொன்றுக்கு நாள் இருக்கிறது.

கொம்பையாவிடம் விளம்பரத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தான்.

"ஏன் அண்ணாச்சி, என்னைய இடதுகைக்காரனா ஆக்கிட்டான்?"

"கேக்காம எடுத்துட்டாம்லே. அதுக்குத்தான் சண்டை போடுதேன்."

"நீங்க மட்டும் கேட்டா எடுத்தீய?"

ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்படிக்கு,
புகை அடங்காத
மாமா

*

ஸ்ரீவைகுண்டம்
16.5.1999

மருமகள் அனுராதாவுக்கு, மாமன் நலமாயிருந்து எழுதுவது. ஐந்து வாரமாகத் தபால்காரர் நம் வீட்டைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் அம்மையோடு போனில் பேசினாயாம், சுகம் என்றாயாம். அது போதும்.

நீ வேலையில் இருப்பாய் என்று நானே ஒரு காரியம் செய்துவிட்டேன். உலகத்திலேயே முதல் முறையாக (இதை யாரும் மறுக்க முடியாது, உன் அத்தையும் மறுக்கவில்லை) ஸ்ரீவைகுண்டம் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு எதிராகப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. சார்பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, "என்ன பிள்ளைவாள் இது, சொத்து விவரம்னு போட்டு 'ஒரு ஆள், ஒரு வாழைத்தார், ஓடும் தண்ணீர்'னு எழுதியிருக்கீய?" என்றார்.

"நாலெல்லை சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றேன். படத்தின் நான்கு விளிம்புகளையும் அங்குலத்தோடு எழுதியிருந்தேன். பதிவு செய்துவிட்டார். ஆங்கில மொழிபெயர்ப்போடு கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது.

வாசகம் இது: 'என் சகோதரி மகள் அனுராதா, என் சம்மதத்துடனும் நான் அளித்த அதிகாரத்தின் பேரிலும் மேற்படி படத்தைத் தங்கள் வசம் ஒப்படைத்தாள். அந்த அதிகாரத்தை இன்று முதல் ரத்து செய்கிறேன்.'

பதிவுக்கு முந்தின வாரம் இர்ஷாத் உன் பக்கத்தைக் கலரில் அச்செடுத்துத் துபாயிலிருந்து அனுப்பியிருந்தான். பாவா கொண்டுவந்து கொடுத்தார். படம் அழகாக வந்திருக்கிறது. கீழே ஏதோ சின்ன எழுத்தில் இருந்தது, என் கண்ணாடிக்குச் சரியாகத் தெரியவில்லை. உன் அத்தை வாசிக்கிறேன் என்றாள், மடித்து வைத்துவிட்டேன்.

வேலை விஷயம் என்ன ஆயிற்று? வெயில் வந்திருக்குமே, தொப்பியைக் கழற்றிவிடு.

இப்படிக்கு,
மாமா

*

நியூஜெர்சி
8.6.1999

மாமா, நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அத்தையும் நலம்தானே?

ஏன் அப்படி எழுதினீர்கள்?

கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து எனக்குப் பதில் வந்திருக்கிறது. உங்கள் பத்திரத்தை அவர்கள் கவனமாக வாசித்திருக்கிறார்கள். 'படத்தின் உரிமையாளரே, உங்களுக்கு அதிகாரம் அளித்ததாகப் பதிவு செய்யப்பட்ட ஆவணத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே நீங்கள் தந்த அனுமதி செல்லும். அந்த அனுமதி திரும்பப் பெற முடியாதது. நன்றி.' நன்றி வேறு சொல்கிறார்கள் மாமா. விளம்பரம் இப்போது இன்னும் இரண்டு இடங்களில் வருகிறது.

பாத்தியம் இல்லாதவள் கொடுத்தது செல்லாது என்று ஏப்ரலில் நீங்கள்தான் எழுதினீர்கள். அது ஒன்றுதான் நம் பக்கம் இருந்த வாதம். அதை நீங்களே அடித்துவிட்டு, நீங்கள் தராத அதிகாரத்தைத் தந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உறை கொடுக்கும்போது 'ஊர் ஞாபகம் வந்தால் பார்த்துக்கொள்' என்றுதானே சொன்னீர்கள்?

பக்கம் வடிவமைக்கும் அந்த நிறுவனத்தில் வேலை கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் சேர வேண்டும்.

அனு

*

ஸ்ரீவைகுண்டம்
24.6.1999

புது உத்தியோகம் பெற்ற மருமகளுக்கு, மாமனும் அத்தையும் மனம் நிறைந்து எழுதுவது. அத்தை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். சில்லு தெறித்து என் நெற்றியில் ஒரு தேங்காய் அளவுக்கு வீங்கியது. மற்றபடி நலம்.

ஏன் எழுதினேன் என்கிறாய். பேனாவின் பழக்கம் அம்மா. முப்பத்தொரு வருஷமாக 'என் சம்மதத்துடனும் அதிகாரத்தின் பேரிலும்' என்று எழுதி எழுதி, நான் தூங்கினாலும் அது எழுதும். அவ்வளவுதான். வேறு காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

குமரவேல்தான் என்னைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். "ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதுத ஆளு, தன் தலையில தானே மண்ணள்ளிப் போட்டிருக்கீரே. அந்தப் புள்ள தன் படம்னு பொய் சொல்லித்தான் போட்டாள்னு ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்குமே?"

"அதைப் பதிவு பண்ணினா நூறு வருஷம் இருக்கும்வே. ஆபீஸ் பழைய புத்தகத்தை எவன் புரட்டினாலும் எங்க வீட்டுப் பொண்ணு பேரு அப்படி இருக்கும்" என்றேன்.

"அப்ப உம்ம படம்?"

நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினேன். வாதத்தின் நடுவில் நான் பேனாவை மூடியது இந்த நூற்றாண்டிலேயே அதுதான் முதல் தடவை என்பதால் குமரவேலுக்குப் பயம் வந்து மோர் கொண்டுவரச் சொன்னார்.

சென்னைச் சங்கத்துக்கு, படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். தபாலில் இன்னும் போடவில்லை, ஜூலை முப்பதாம் தேதி வரைக்கும் பார்க்கலாம் என்று அத்தை சொல்கிறாள். எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. வில்லங்கம் உள்ள சொத்துக்கு வில்லங்கம் இல்லை என்று நான் ஒரு நாளும் எழுதிக் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். புது நிப்பை ஒரு கிரயப் பத்திரத்துக்குப் பயன்படுத்திவிட்டேன்.

கண்காட்சி இல்லாவிட்டால் என்ன, துபாயில் என் படம் இருக்கிறது. முதல் நாள் வேலைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போ. போட்டோ எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
மாமா

*

நியூஜெர்சி
7.7.1999

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும், அனுராதா வணங்கி எழுதுவது. உங்கள் நெற்றி வீக்கம் வடிந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை அத்தையையும் உட்கார வைத்து வாசியுங்கள்.

உங்கள் கண்ணாடிக்குத் தெரியாத அந்தச் சின்ன எழுத்து, 'படங்கள்: அனுராதா' என்பது. நான்தான் எழுதினேன். உங்களுக்குத் தெரியும். நீங்கள் வாசித்த அன்றே தெரியும், அதனால்தான் அந்தப் பத்திரத்தை அப்படி எழுதினீர்கள்.

நடந்தது இதுதான். வந்த புதிதில் இங்கே யாருக்கும் என் பெயரே வாயில் நுழையாது. தேதி திருத்தும் நாற்பது பேரில் நான் ஒருத்தி. ஒருநாள் மேசையில் கொம்பையா படத்தை வைத்திருந்தேன். மேலாளர் நின்று பார்த்துவிட்டு, "நீ எடுத்ததா?" என்றார். ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவர் என் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டார். அப்புறம் பக்கம் தொடங்கும்போது 'சொந்தப் படைப்பு' என்ற கட்டத்தில் குறி போட்டேன். ஃபின்லாந்துக்காரருக்கு, 'நான் தண்ணீரில் இறங்கி எடுத்தேன்' என்று பதில் எழுதினேன். புது நிறுவனத்தின் நேர்முகத்திலும் அதையே சொன்னேன். ஏப்ரலில் நீங்கள் மூன்றாம் ஷரத்தைப் பற்றிக் கேட்டபோது நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

உங்கள் ஜூன் கடிதம் நேற்று வந்தது. பேனாவின் பழக்கம் என்று எழுதியிருந்தீர்கள். வருத்தம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு பொய்யைக்கூட நீங்கள் இவ்வளவு சின்னதாகச் சொல்லி நான் பார்த்ததில்லை மாமா.

ஆனால் கம்பெனியின் பதில் வந்த மறுநாளே நான் ஒரு காரியத்தைத் தொடங்கிவிட்டேன். முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு வாக்குமூலம் எழுதினேன்: படங்கள் என் மாமா திருஞானசம்பந்தம் எடுத்தவை, அவர் எனக்குப் பார்ப்பதற்காக மட்டும் கொடுத்தார், இன்டர்நெட்டில் போட அனுமதி கேட்கவும் இல்லை, அவர் தரவும் இல்லை, பத்திரத்தில் அவர் எழுதியது என்னைக் காப்பாற்ற, நான் பொய்யாக என் படைப்பு என்று குறித்தேன். இங்கே வங்கியில் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டேன். நெகட்டிவ் உங்களிடம் இருப்பதையும் எழுதினேன். கம்பெனிக்கு அனுப்பினேன்.

போன வாரம் பதில் வந்தது. விளம்பரங்களிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள், இனிமேல் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். விதியை மீறியதற்காக என் பக்கத்தை மூடிவிட்டார்கள். ஒன்பதாயிரம் பேர் வந்த இடம் இப்போது வெள்ளையாக இருக்கிறது.

இதில் எனக்குப் புரிந்தது ஒன்றுண்டு. அந்தப் படங்கள் நிஜமாகவே என்னுடையவையாக இருந்திருந்தால், நான் அழுத்திய அந்தப் பொத்தானிலிருந்து அவற்றை மீட்கவே முடிந்திருக்காது.

நேற்று உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு புது நிறுவனத்துக்கும் போய்ச் சொன்னேன். என்னை வேலைக்கு எடுத்த அம்மாள் என் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் புரட்டினார். பிறகு, "பக்கத்தை வடிவமைத்ததாவது நீதானா?" என்றார். அது நான்தான் என்றேன். "அப்படியென்றால் ஒரு படம்கூட இல்லாமல் ஒரு பக்கம் செய்துகொண்டு திங்கட்கிழமை வா, பார்க்கலாம்" என்றார். செய்துகொண்டிருக்கிறேன்.

வாக்குமூலத்தின் மூலப் பிரதியையும் கம்பெனியின் பதிலையும் இதில் வைத்திருக்கிறேன். என் பெயரைக் காப்பாற்ற என்று எதையும் மறைக்க வேண்டாம். சென்னைக்கு எழுதுங்கள்.

உங்கள்
அனு

*

ஸ்ரீவைகுண்டம்
25.7.1999

என் சகோதரியின் வயிற்றில் பிறந்த அனுராதாவுக்கு, மாமன் எழுதுவது. அத்தையை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னாய். அவள் உட்கார்ந்தாள், நான்தான் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். வீக்கம் வடிந்தது. எல்லோரும் நலம்.

சென்னைக்கு வைத்திருந்த பழைய கடிதத்தை அடுப்பில் போட்டேன். புது நிப் வாங்கினேன். வில்லங்கம் இருந்தது, இன்ன விதமாக இருந்தது, இன்ன விதமாக நீங்கியது என்று நான்கு பக்கம் எழுதி, உன் வாக்குமூலத்தின் நகலையும் கம்பெனியின் பதிலையும் சேர்த்து, கடைசியில் அந்த வாசகத்தை எழுதினேன். 'இப்படத்தின் மீது வேறு எவருக்கும் எவ்வித உரிமையும் வில்லங்கமும் இல்லை.' மை காய மூன்று தடவை ஊதினேன் என்று உன் அத்தை ஊரெல்லாம் சொல்கிறாள். இரண்டு தடவைதான். மூன்று நாளில் சங்கத்திலிருந்து போன்: "இவ்வளவு தெளிவான உறுதிமொழி எங்களுக்கு வந்ததில்லை சார், படம் கண்காட்சியில் முதல் சுவரில் இருக்கும்" என்றார்கள்.

சார்பதிவாளர் ஆபீஸிலும் பழைய பத்திரத்துக்கு ஒரு திருத்தல் பத்திரம் பதிந்துவிட்டேன். அதில் தப்பு செய்தது நான் என்று மட்டும் எழுதினேன், ஏனென்றால் அந்தப் பத்திரத்தில் தப்பு செய்தது நான்தான்.

கொம்பையாவிடமும் முறைப்படி கேட்டேன். "இப்பக் கேக்கீயளாக்கும்" என்றான். தாடையைத் தடவிக்கொண்டு ஒரு நாள் அவகாசம் கேட்டு என்னைக் காக்க வைத்தான். மறுநாள் வந்து, "சரி, வச்சுக்கிடுங்க. ஆனா ஆறு சரியான பக்கம் ஓடணும்" என்றான்.

படமே இல்லாத பக்கத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று உடனே எழுது. சேர்த்துக்கொள்ளாவிட்டால் அது அவர்கள் தலையெழுத்து. வெறும் வெள்ளைத் தாளிலேயே ஆட்களை நிற்க வைக்கிற பெண்ணை அமெரிக்கா இழந்தது என்று சரித்திரம் எழுதும்.

இத்துடன் ஒரு பத்திரம் இணைத்திருக்கிறேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் ஆகச் சிறியது.

*1999ஆம் வருஷம் ஜூலை மாதம் 25ஆம் தேதி, ஸ்ரீவைகுண்டம் திருஞானசம்பந்தம், நியூஜெர்சியில் இருக்கும் என் சகோதரி மகள் அனுராதாவுக்கு எழுதிக் கொடுத்த அனுமதிப் பத்திரம் என்னவென்றால்:*

*நான் எடுத்த பன்னிரண்டு படங்களையும் நீ புதிதாகக் கட்டப்போகும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எந்தக் கம்பெனியின் இடத்தில் கட்டினாலும் அதன் விதிமுறைகளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்த பிறகே கட்ட வேண்டியது. ஆற்றை எக்காரணம் கொண்டும் மேற்கே திருப்பக் கூடாது. படத்துக்குக் கீழே 'எடுத்தவர்: திருஞானசம்பந்தம்' என்று போட வேண்டியது. அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'ஒன்பதாயிரம் பேருக்குக் காட்டியவர்: அனுராதா' என்று போட வேண்டியது. பின்னதைப் போடாவிட்டால் இந்த அனுமதி ரத்தாகும்.*

*சாட்சிகள்: கொம்பையா, ஏரல் பாவா.*

*எழுதிக் கொடுப்பவர்: திருஞானசம்பந்தம்.*

*எழுதி வாங்குபவர்: ..............................*